இரண்டு சொட்டுப் பசை

சுரீர் என்று பெயர் வாங்க ஒரு பெண்பிள்ளை என்னவெல்லாம் பேசியிருக்க வேண்டும், நினைத்துப் பாருங்கள். உயரம் நாலரை அடி. தோளில் ஆளைவிடக் கனமான பை. கூப்பிட்ட வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும். "வாஷிங் மிஷினுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கமாட்டாள். "மிஷினை என்ன பண்ணினீங்க?" என்றுதான் கேட்பாள். "ஒண்ணும் பண்ணலையே, தானா நின்னுபோச்சு" என்று அந்த வீட்டம்மா சொன்னால், "தானா நின்னுபோக அது என்ன உங்க வீட்டுக்காரர் வேலையா?" என்பாள்.

பழுது அன்றைக்கே தீர்ந்துவிடும். அவள் பேசிய பேச்சு நாலு நாள் எரியும். ஆனாலும் அடுத்த முறை அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை வைத்த மிஷின் ஓடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இல்லாத கோளாறை இருக்கிறது என்றும், இருக்கிற கோளாறை இல்லை என்றும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வாய் நெருப்புதான். அந்த நெருப்பில் பொய் வேகாது.

அந்த வேலையை அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. புருஷன் தெருவோரக் கடையில் உட்கார்ந்து பழுது பார்ப்பான். இவள் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வாள். குறை சொல்லிச் சொல்லியே வேலையைக் கற்றுக்கொண்டாள். அவன் நல்ல மனிதன், வாயில்லாப் பூச்சி. ஒருநாள் மடியில் ஒரு மோட்டாரை வைத்தபடியே சாய்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. அவன் போன ஈரம் காய்வதற்குள் அவன் தம்பி கடைச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, நீங்க மாடியில நிம்மதியா இருங்க. கடையை நான் பாத்துக்கறேன். பொம்பளை கையில ஸ்பேனரைப் பாத்தா கஸ்டமர் உள்ளே வரமாட்டான்."

"உன் மூஞ்சியைப் பாத்துட்டே வர்றவன், என் கையைப் பாத்தா வரமாட்டானா?" என்றாள் சுரீர்.

அன்றைக்கே புருஷனுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அது நடந்து ஐந்து வருஷம். கீழே கொழுந்தனின் கடை, மேலே இவளுடைய ஒற்றை அறை, நடுவே ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் இருவரில் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். மாமியார் மட்டும் மாடியில் மருமகளோடு இருந்தாள். கீழே மகனோடு இருந்தால் மருமகளைத் திட்டக் குரல் எட்டாது, அதனால்.

இவளுடைய பிழைப்பில் பாதி பெண்கள் விடுதியில் இருந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற பெரிய விடுதி அது. கீழ்த்தளத்தில் ஒரு சலவை அறை, அதில் வரிசையாக நாலு பெரிய மிஷின். பெண் மெக்கானிக் என்றால் மற்ற இடங்களில் வாசலிலேயே சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பெரிய இடம் என்று அவளை நம்பி உள்ளே விட்டது அந்த விடுதி ஒன்றுதான். கேட்டில் இருக்கும் காவல்காரர் இவளைக் கண்டால் பதிவேட்டைக்கூடத் திறக்கமாட்டார். அந்த மரியாதை அவளுக்குச் சாப்பாட்டைவிடப் பெரிது.

அந்த விடுதியில்தான் வினை வந்தது.

வரிசையில் இரண்டாவது மிஷினுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சலவை அக்கா சொன்னாள். சலவை அக்கா என்பவள் விடுதியின் துணிகளைத் துவைத்து மடிக்கிறவள், பத்து வருஷமாக அந்த அறையே கதியென்று கிடப்பவள். துவைக்கிற நேரத்தில் டிரம் மெதுவாகப் புரள வேண்டும், இடது பக்கம் நாலு சுற்று, வலது பக்கம் நாலு சுற்று, தொட்டில் மாதிரி. அப்படிப் புரண்டுகொண்டே இருந்தது, திடீரென்று பிழிகிற வேகத்துக்குப் பாய்ந்ததாம். உள்ளே தண்ணீரும் போர்வையும் ஒரு பக்கமாக ஒதுங்கி, மொத்த மிஷினும் குதித்து நடந்து வந்ததாம். பிறகு விளக்கைச் சிமிட்டிவிட்டுத் தானே நின்றதாம்.

மூன்று மாதத்துக்கு முன்பு அந்த மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகிற கார்பன் கட்டை தேய்ந்து, புதுசு மாற்றியவள் சுரீர். அதனால் அவளைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சமயம் பார்த்து அவள் வார்டனிடம், "எத்தனை போர்வையைத் திணிக்கிறீங்க மேடம், அது மிஷினா, உங்க பீரோவா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருந்தாள். வார்டனுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

கொழுந்தன் மூன்று முறை வந்தான். ஒவ்வொரு முறையும் மோட்டாரைக் கழற்றி, தரையில் நிமிர்த்தி வைத்து, மீட்டரைத் தொட்டுப் பார்த்து, "மோட்டார் நல்லாத்தான் இருக்கு" என்றான். முதல் முறை, மிஷினுக்குக் கட்டளை போடுகிற போர்டை மாற்றினான். இரண்டாம் முறை பெல்ட்டை மாற்றினான். மாற்றியதும் பத்து நாள் ஒழுங்காக ஓடும். பிறகு மறுபடி பேய். மூன்றாம் முறை பேய் பிடித்தபோது மிஷின் நடந்து வந்து சலவை அக்காவின் காலில் ஏறியது. கட்டைவிரல் நகம் பிய்ந்து போனது.

அன்றைக்கும் மோட்டாரைக் கழற்றி, நிறுத்திப் பார்த்து மாட்டிவிட்டு, கொழுந்தன் வார்டனிடம் ஒரு வார்த்தை சொன்னான். "மேடம், குடும்ப விஷயம், சொல்லவே கூச்சமா இருக்கு. எங்க அண்ணி புதுக் கார்பன்னு சொல்லிட்டுப் பழசை வெச்சு மூடியிருக்காங்க. அதான் வேகம் தாறுமாறா போகுது."

வார்டன் இரண்டு பேருக்கும் ஆள் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் சலவை அறைக்கு வரவேண்டும். யார் கை பட்டு இது கெட்டதென்று தெரிய வேண்டும். யாரோ, அவர் இனி இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது.

சனிக்கிழமை இந்தச் செய்தி மாடிக்கு வந்ததும் சுரீர் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"பழசை வெச்சேனாம். பழசை! நானா?"

"நீ வெச்சிருக்கமாட்டே," என்றாள் மாமியார் கட்டிலில் படுத்தபடி. "ஆனா உனக்கு யாரும் பரிஞ்சு பேசமாட்டாங்க. பேசுற மாதிரி யாரையாவது விட்டு வெச்சிருக்கியா நீ?"

"உங்க மகனுக்குப் பேசுங்க, போதும்."

"அவனுக்கு எதுக்குப் பேசணும்? பெரியவன் வாயையும் சேர்த்துத்தானே அவனுக்குக் குடுத்துப் பெத்தேன்."

சலவை அறை தரைக்குக் கீழே இருந்தது. சுவரின் மேல் ஓரத்தில் நீளமாக ஒரு சன்னல். அதன் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். சிமெண்டுத் தரை எப்போதும் ஈரம். சோப்பு வாசனையும் பழைய ஈரத்துணி வாசனையும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சுரீர் போனபோது கொழுந்தன் முன்பே வந்து, இரண்டாவது மிஷினின் பின்பக்கத் தகட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டான். வார்டன் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சலவை அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, துணி சுற்றிய காலைக் கவிழ்த்த வாளியின் மேல் தூக்கி வைத்திருந்தாள்.

"அதைத் தொடாதே," என்றாள் சுரீர்.

"வாங்க அண்ணி. ஏன், பழைய கார்பன் வெளியே வந்துரும்னு பயமா?"

"மூணு தடவை கழட்டினியே, அப்போ கண்ணை எங்க அடகு வெச்சிருந்தே? அப்பவே பாத்திருக்கலாமே கார்பனை."

"அப்போ உங்க மேல நம்பிக்கை இருந்துச்சு."

"என்னைக்கு இருந்துச்சு? தேதி சொல்லு."

வார்டன் நாற்காலியைத் தட்டினாள். "ரெண்டு பேரும் வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க. இது என்னன்னு சொல்லுங்க."

"கழட்டினா ஒண்ணும் தெரியாது மேடம்," என்றாள் சுரீர். "காய்ச்சல் அடிக்கும்போது விட்டுட்டு, குளிச்சிட்டு வந்தப்புறம் நெத்தியைத் தொட்டுப் பாக்குற டாக்டர் இவன். இது கெடும்போது பாக்கணும். சூட்டுத் தண்ணியில போர்வையைப் போட்டு ஓட விடுங்க. ஒண்ணுக்குக் கெடலேன்னா ரெண்டு, ரெண்டுக்குக் கெடலேன்னா மூணு. அதுவரைக்கும் யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது. இவனும்தான், நானும்தான்."

கொழுந்தன் சிரித்தான். ஆனாலும் வார்டன் தலையை ஆட்டிவிட்டாள்.

சுரீர் தகட்டை மட்டும் கழற்றினாள். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் அவள் உடம்புதான் நுழையும், கொழுந்தனின் தொந்திக்கு அங்கே இடமில்லை. அடியில் மோட்டார், அதன் முனையிலிருந்து ஒரு பெல்ட், பெல்ட் சுற்றுகிற பெரிய சக்கரம். அந்தச் சக்கரம் சுற்றினால் டிரம் சுற்றும். மோட்டாரின் வால் பக்கத்தில் மோதிரம் போல ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதற்குள்ளே ஒரு சின்னக் காந்தம் மோட்டாரோடு சேர்ந்து சுழலும். எத்தனை வேகம் போகிறோம் என்று போர்டுக்குச் சொல்கிற வேலை அந்தச் சுருளுக்கு. டேக்கோ என்பார்கள். அது சொல்வதைக் கேட்டுத்தான் போர்டு மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும். அது வாயை மூடிக்கொண்டால் போர்டு என்ன நினைக்கும்? மோட்டார் நிற்கிறது என்று நினைக்கும். இன்னும் கொடு, இன்னும் கொடு என்று மின்சாரத்தைக் கொட்டும். மோட்டார் வெறிபிடித்து ஓடும்.

மீட்டரின் இரண்டு கவ்வியையும் அந்தச் சுருளின் கம்பியில் மாட்டிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினாள். மீட்டரில் எண் ஏறியது. வேகமாகச் சுற்றினாள். இன்னும் ஏறியது.

"டேக்கோ பேசுது," என்றாள்.

"நான் மூணு தடவையும் அதைத்தானே சொன்னேன்," என்றான் கொழுந்தன். "டேக்கோ நல்லாருக்கு, மோட்டார் நல்லாருக்கு, உள்ள வெச்ச ஆள்தான் நல்லால்லை."

கவ்விகளை எடுத்துக் கம்பியை அதன் இடத்தில் மாட்டினாள். பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாததைப் பார்த்துச் சலவை அக்காவுக்கே பயம் வந்துவிட்டது.

முதல் துவைப்பு ஓடியது. டிரம் தொட்டிலாகப் புரண்டது. ஒரு மணி நேரம் நாலு பேரும் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். மேலே சன்னலில் கால்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

இரண்டாவது துவைப்பும் ஒழுங்காக ஓடியது. கொழுந்தன் கடிகாரத்தைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். "அண்ணி கையைக் கண்டதும் மிஷின் அடங்கிருச்சு போல. வீட்டுல அண்ணனும் இப்படித்தான் இருந்தார்."

"உங்க அண்ணன் அடங்கினாரு, உழைச்சாரு. நீ ரெண்டும் செய்யலை."

"தங்கச்சி, விடும்மா," என்றாள் சலவை அக்கா. "காலு வலிக்குது, இதுல காதும் வலிக்கணுமா?"

மூன்றாவது துவைப்பு பாதி ஓடியிருக்கும். இடது பக்கம் நாலு சுற்று. வலது பக்கம் இரண்டு சுற்று. அப்புறம் ஒரு உறுமல். டிரம் ஒரே மூச்சில் பாய்ந்தது. உள்ளே போர்வைகள் உருண்டைக் கல்லாகத் திரண்டு ஒரு பக்கம் மோதின. மிஷின் எழும்பிக் குதித்து ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. வார்டன் நாற்காலியோடு பின்னால் போனாள். சலவை அக்கா காலைத் தூக்கிக்கொண்டு அலறினாள். சுரீர் சுவருக்குத் தாவி பிளக்கைப் பிடுங்கினாள்.

டிரம் தானாகச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

கொழுந்தன் ஸ்பேனரோடு பாய்ந்தான். "இப்போ கழட்டிப் பாத்துரலாம்!"

"தொட்டே, கையை முறிச்சுருவேன்!" என்று அவள் கத்தியதில் அவன் நிஜமாகவே நின்றுவிட்டான். நீங்களும் நின்றிருப்பீர்கள்.

சந்தில் நுழைந்தாள். மோட்டாரிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. மீட்டரை மாட்டி, சக்கரத்தைச் சுற்றினாள். எண் ஏறவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினாள். செத்த பல்லி மாதிரி அப்படியே கிடந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையில் முழங்கை ஊன்றிக் குனிந்து பார்த்தாள்.

மோட்டாரின் வாலில் சுருளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடி, பின்னால் தள்ளி நாக்கைத் தொங்கப் போட்டது மாதிரி தொங்கியது. மூடியோடு சுருளும் பின்னால் வந்துவிட்டது. காந்தம் தனியாக நின்றது. மூடியின் இரண்டு ஓரத்திலும் மஞ்சளாகக் காய்ந்த பசை. இந்தப் பக்கம் ஒரு சொட்டு, அந்தப் பக்கம் ஒரு சொட்டு.

அது யார் வைத்த பசை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளே வைத்தாள், மூன்று மாதத்துக்கு முன்பு, கார்பன் மாற்றின அன்று. மூடியைப் பிடிக்கிற கொக்கி சூட்டில் நொறுங்கிப்போயிருந்தது. அந்தக் கொக்கி தனியாகக் கிடைக்காது. கொக்கி உடைந்தால் இரண்டு சொட்டு உடனடிப் பசை வைத்து அழுத்திவிடுவது அவள் புருஷன் கடைப் பழக்கம். இவள் இத்தனை குறை சொல்லியும், அந்த ஒன்றில் மட்டும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் அவன் அதை அத்தனை அழகாக வைப்பான், ஊசி முனை அளவு, பக்கத்துக்கு ஒன்று. வீடுகளில் அது தாங்கும். சூட்டுத் தண்ணீரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை போர்வை துவைக்கிற இடத்தில் மோட்டார் கொதிக்கும், பசை இளகும், அதிர்வில் மூடி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகும்.

கொழுந்தனுக்கு ஏன் தெரியவில்லை என்பதும் அந்தக் கணத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மோட்டாரைக் கழற்றினால் அந்தக் கடையில் வாலைக் கீழே வைத்துத்தான் தரையில் நிறுத்துவார்கள். அதுவும் புருஷன் பழக்கம். நிறுத்தினவுடன் மோட்டாரின் மொத்தக் கனமும் மூடியை அழுத்தி இடத்தில் உட்கார வைத்துவிடும். ஒவ்வொரு முறையும் இவன் கோளாறைத் தன் கையாலேயே மூடிவிட்டுக் கோளாறைத் தேடியிருக்கிறான்.

"என்ன அண்ணி, சத்தத்தைக் காணோம்?" என்றான் அவன் வெளியிலிருந்து.

சந்துக்குள் வேறு யாரும் வரமுடியாது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் மூடி உள்ளே போய்விடும். ‘மூணு தடவை கழட்டி மாட்டினவன் இவன்தான் மேடம், மூடியைச் சரியா மாட்டலை’ என்று சொன்னால் போதும். பாதி உண்மையும்கூட. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பான், இந்தப் பக்கம் இவள் இருப்பாள். ஐந்து வருஷத்துக் கணக்குக்கு அதுவே சரியான பதில் என்று எந்த நியாயஸ்தனும் சொல்வான்.

கட்டைவிரல் மூடி வரைக்கும் போனது.

ஆனால் அவளுடைய வாய் எந்தக் காலத்திலும் அவளைக் கேட்டுக்கொண்டு பேசினதில்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் சுட்ட அதே வாய், டார்ச்சைத் துப்பிவிட்டு அவளையே சுட்டது.

"எவ இதைப் பசை போட்டு ஒட்டினா? புத்தி கெட்டவ! கொதிக்கிற மோட்டார்ல பசையா? அவ கையை வெட்டணும்." பிறகு ஒரு மூச்சு விட்டு, "நான்தான் ஒட்டினேன் மேடம்," என்றாள்.

அவள் வெளியே வந்தாள். தலைமுடியில் நூலாம்படை. வார்டனை எட்டிப் பார்க்கச் சொல்லி, டார்ச்சை அடித்து, தொங்குகிற மூடியைக் காட்டினாள். கொக்கி உடைந்தது, பசை வைத்தது, இளகினது, எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

கொழுந்தனுக்குப் பல் மொத்தமும் தெரிந்தது. "கேட்டீங்களா மேடம்! அவங்க வாயாலயே வந்துருச்சு. அக்கா காலைப் பாருங்க. இதுக்குத்தான் நான் அன்னைக்கே சொன்னேன், பொம்பளைக்கு..."

"மூணாவது மிஷின் யார் பாத்தது?" என்றாள் சுரீர்.

"நான்தான். போன மாசம். அதுக்கென்ன?"

"கொக்கி இருந்துச்சா?"

அவன் பல் மெல்ல உள்ளே போனது.

"என்ன கொக்கி?" என்றாள் வார்டன்.

"அதெல்லாம் நம்ம டெக்னிக்கல் மேடம். அண்ணி பேச்சை மாத்துறாங்க."

"தகட்டைக் கழட்டுங்க," என்றாள் வார்டன்.

"நல்லா ஓடுற மிஷினை எதுக்கு..."

"கழட்டுங்கன்னு சொன்னேன்."

அவனே கழற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது மிஷினுக்குப் பின்னால் சந்து அகலம், வார்டனே உள்ளே போய்ப் பார்த்தாள். மூடி இன்னும் இடத்தில்தான் இருந்தது. ஓரத்தில் இந்தப் பக்கம் ஒரு சொட்டு, அந்தப் பக்கம் ஒரு சொட்டு. ஊசி முனை அளவு இல்லை. கொஞ்சம் வழிந்திருந்தது.

"உங்க அண்ணன் இவ்வளவு அசிங்கமா வைக்கமாட்டாரு," என்றாள் சுரீர்.

"வாயை மூடுங்க அண்ணி!"

வார்டன் புடவையில் ஒட்டின தூசியைத் தட்டினாள். "ரெண்டு பேரும் இதைச் சரிபண்ணிட்டுப் போங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. நான் சொன்னா சொன்னதுதான்."

"மேடம், தப்பை ஒத்துக்கிட்டவளும் மறைச்சவனும் ஒண்ணா?" என்று சலவை அக்கா கேட்டாள். சுரீருக்காக இன்னொருத்தி பேசியது அதுதான் முதல் தடவை.

"உன் காலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் வார்டன்.

சுரீர் கெஞ்சவில்லை. கெஞ்சத் தெரியாது. பையிலிருந்து ஒரு தகரத்தை எடுத்து, விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினாள். இரண்டு முனையிலும் ஓட்டை போட்டாள். மோட்டாரின் முதுகில் இருக்கும் இரண்டு நீள போல்ட்டுகளில் அந்தப் பட்டையைக் கொடுத்து முடுக்கினாள். பட்டை மூடியின் மேல் குறுக்காகப் படுத்து, அதை எழவிடாமல் பிடித்துக்கொண்டது. முடுக்குவதற்கு முன்னால் பட்டையின் ஓரத்தை அரத்தால் தேய்தேய் என்று தேய்த்தாள்.

இதற்காகக் கழற்றிய மோட்டார் வெளியே கிடந்தபோது கொழுந்தன் அதன் கார்பனை இழுத்துப் பார்த்தான். புதுசு. நீளம் குறையாமல், கருப்பாக, பளபளவென்று இருந்தது. பேசாமல் உள்ளே தள்ளிவிட்டான்.

"சொல்லு," என்றாள் சுரீர் திரும்பிப் பார்க்காமலே.

"என்ன சொல்லணும்?"

"மேடம் கிட்ட சொல்லு, பழசா புதுசான்னு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கார்பன் புதுசுதான்," என்றான்.

மூன்றாவது மிஷினுக்கும் பட்டை அவளே வெட்டினாள். அவனுக்கு அதை எப்படி வளைப்பது என்று தெரியவில்லை, கேட்கவும் மனமில்லை. தூரத்தில் நின்று, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மிஷினிலும் மூன்று மூன்று சூட்டுத் துவைப்பு ஓட்டிக் காட்டின பிறகுதான் அவள் பையை எடுத்தாள். சாயங்காலம் ஆகியிருந்தது. கேட்டில் காவல்காரர் வழக்கம்போல எழுந்து நின்றார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் பின்னாலேயே வந்தான். "திருப்தியா? நீங்களும் கெட்டு, என்னையும் கெடுத்தாச்சு. ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா உங்களுக்காவது மிஞ்சியிருக்கும்."

"உன் கடையில ஒட்டின மோட்டாருங்க எத்தனை இருக்கும்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"அதெல்லாம் வீடு. குழந்தைங்க மிஷின் பக்கத்துல உக்காந்து விளையாடுற வீடு. போய் ஒவ்வொண்ணையும் திற."

"எனக்குப் புத்தி சொல்ற வேலை வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அவன் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டான். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு ஓரமாக நடந்து போனார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிழைக்கத் தெரியாதவ," என்றாள். சுரீருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பாதிப் பிழைப்பு போனவளுக்கு எப்படி இறங்கும்? சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, வெகுநேரம் வார்டனைத் திட்டினாள், பிறகு கொழுந்தனை, பிறகு புருஷனை. புருஷனைத் திட்டும்போது மட்டும் குரல் உடைந்தது. மாமியார் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருமினாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டாள். ஐந்து வருஷத்தில் அவள் பசை வைத்த மோட்டார்கள் பதினேழு. ஒன்றும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் நினைவில் இருந்தது. கதவைத் தட்டி, "உங்க மோட்டாரை நான் தப்பா ஒட்டிட்டேன். வழியை விடுங்க, சரிபண்ணணும்," என்றாள். இதைக் கேட்ட வீட்டம்மாக்கள் சும்மா விடுவார்களா? ஐந்து வருஷத்து வட்டியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "மிஷினை என்ன பண்ணினீங்க?" என்று ஒருத்தி அவளைப் பார்த்தே கேட்டாள். சுரீர் பதிலுக்கு நாலு சொன்னாள், ஆனாலும் குனிந்து தகட்டைக் கழற்றினாள்.

விடுதிக் கேட் அதற்குப் பிறகு அவளுக்குத் திறக்கவில்லை. அவளும் போய்த் தட்டவில்லை.

பதினொன்றாவது வீடு ஒரு தையல்காரியுடையது. அவள் ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள், "நேத்தே உங்க கொழுந்தன் வந்து ஏதோ பட்டை போட்டுட்டுப் போனாரே. வீடு வீடா போறாராமே? கேக்காமலே வந்தாரு, மூஞ்சியை மட்டும் உர்ருன்னு வெச்சிருந்தாரு."

"நான் ஒட்டினதை அவன் எதுக்குத் தொட்டான்?" சுரீர் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தாள். பட்டை இருந்தது. வளைவு சுமார். போல்ட் சரியாகவே முடுக்கியிருந்தது. விரலை ஓரத்தில் வைத்துப் பார்த்தாள், சுருக்கென்றது.

தையல்காரியின் போனை வாங்கி, ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"யாரு?"

"ஓரத்தைத் தேய்ச்சியா?"

"எந்த ஓரத்தை?"

"பட்டை ஓரம். கத்தி மாதிரி இருக்கு. அதிர்வுல டேக்கோ வயரை அறுக்கும். வயர் அறுந்தா மறுபடி இதே கூத்து. எத்தனை வீட்டுல இப்படி வெச்சிருக்கே?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டையும் திருப்பித் திற. அரம் இருக்கா, இல்லை அதையும் உங்க அண்ணன் வாங்கி வெச்சுட்டுப் போகணுமா?"

"வைங்க போனை," என்று அவனே வைத்துவிட்டான்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் தையல்காரி.

"தேய்க்கத் தெரியாதவன் என்ன சொல்லுவான்?" என்று சொல்லிக்கொண்டே சுரீர் பையிலிருந்து அரத்தை எடுத்து, அவன் வைத்த பட்டையைக் கழற்றித் தேய்க்கத் தொடங்கினாள்.